புதுப்பிப்பு: ஹெர்னியா ஆபரேஷனுக்குப் பிறகும் தீராத தொடையிடுக்கு வலி

முந்தைய பதிவில் இந்த வலிக்குக் கொடுக்கப்படும் நரம்பு வலி மாத்திரைகளான காபாபென்டின், அமிட்ரிப்டிலின் பற்றி எழுதியிருந்தேன். "மாத்திரை கேட்கவில்லை, அடுத்து என்ன?" என்று பலர் கேட்டதால் இந்தத் தொடர்ச்சி. மாத்திரை கேட்கவில்லை என்பதற்காகத் திடீரென நிறுத்திவிடாதீர்கள்; டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

3 மாதம் தாண்டியும் வலி நீடித்தால், ஹெர்னியா திரும்ப வந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். அது இல்லையென்றால் வலியின் குணத்தைக் கவனியுங்கள். சுரீரென மின்சாரம் பாய்வது, எரிச்சல், உள்ளாடை உரசினாலே தாங்காத கூச்சம் இவையெல்லாம் நரம்பு வலி. உட்காரும்போதும் குனியும்போதும் உள்ளே ஏதோ உறுத்தினால், சுருண்டுபோன மெஷ் (ஆபரேஷனில் ஹெர்னியா இடத்தைப் பலப்படுத்த வைக்கும் வலை) காரணமாக இருக்கலாம்.

பஞ்சால் தோலை மெல்லத் தடவி, மரத்த இடத்தை ஒரு நிறப் பேனாவாலும் கூசும் இடத்தை வேறு நிறத்தாலும் குறித்துப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். எந்த நரம்பு என்று ஊகிக்க டாக்டருக்கு இது பெரிய உதவி.

பிறகு, எந்த நரம்பு என்று உறுதிசெய்ய, ஸ்கேன் பார்த்தபடி நரம்பருகே மரப்பு ஊசி போடுவார்கள். அன்று மணிக்கொரு முறை வலியை 0 முதல் 10 வரை எழுதி வையுங்கள். சில மணி நேரமே குறைந்தாலும், அந்த நரம்பு காரணமாக இருக்கலாம் என்று காட்டும் பயனுள்ள தகவல்தான் அது. துளியும் குறையாவிட்டால் வேறு நரம்பு, மெஷ், இடுப்பு மூட்டு, முதுகுத்தண்டு என்று தேட வேண்டும்.

லிடோகெயின் 5% பட்டை (தோலில் ஒட்டும் மரப்பு மருந்து): 12 மணி நேரம் ஒட்டி, 12 மணி நேரம் எடுத்துவிட வேண்டும். புண்மேல் கூடாது.

நரம்பை வெட்டும் ஆபரேஷன் கடைசி வழி. அந்த இடம் நிரந்தரமாக மரத்துப்போகும். இதில் அனுபவமுள்ள சர்ஜனிடம் மட்டுமே போங்கள்.

தொடையிடுக்கில் கெட்டியான வீக்கத்தோடு வாந்தியும் வந்தால் உடனே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள்.