பூனைக்கு இன்சுலின் மாற்றலாமா? மதியம் 110, மாலையில் மறுபடி 390

மியாவ்வீடு:
எங்கள் கருப்பனுக்குப் பத்து வயது, ஐந்தரைக் கிலோ. சர்க்கரை என்று தெரிந்ததும் டாக்டர் மனிதர்கள் போடும் என்பிஹெச் இன்சுலின்தான் எழுதிக் கொடுத்தார், பால் மாதிரி கலங்கலாக இருக்குமே அது. காலையும் மாலையும் 2 யூனிட். காது ஓரத்தில் குத்திப் பார்த்தால் ஊசிக்கு முன் 400க்கு மேல், மதியம் 110, நாலு மணிக்கெல்லாம் மறுபடி 390. தண்ணீர் குடிப்பது குறையவே இல்லை, பின்னங்கால் குதிகாலைத் தரையில் ஊன்றி நடக்கிறான், பார்க்கவே முடியவில்லை. டோஸைக் கூட்டலாமா, இல்லை கிளார்ஜின் என்கிற நீண்ட நேர இன்சுலினுக்கு மாறலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நாலுகால்தோழி:
டோஸை மட்டும் கூட்டிவிடாதீர்கள். மதியம் 110 வரை இறங்குகிறது என்றால் மருந்து வேலை செய்கிறது, ஆனால் சீக்கிரம் தீர்ந்துபோகிறது. பூனை உடம்பில் என்பிஹெச் பன்னிரண்டு மணி நேரம் தாங்குவது அரிது. நீங்கள் கூட்டினால் அந்த 110 இன்னும் கீழே போய்ப் பையன் மயங்கி விழுவான், மாலையில் ஏறுவது ஏறத்தான் செய்யும். கிளார்ஜின் மெதுவாக, ஒரே சீராக இறக்கும். கடையில் லேண்டஸ், பாசலாக் என்ற பெயர்களில் கிடைப்பது அதுதான். எங்கள் பூனைக்கும் அதையே போடுகிறோம், நாளைக்கு இரண்டு வேளை. டாக்டரிடம் இந்த எண்களை ஒரு தாளில் நேரத்தோடு எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள், வாயால் சொல்வதைவிட அது நன்றாகப் புரியும்.

மெடிக்கல்கடை:
மாற்றினால் சிரிஞ்சையும் மாற்றியே ஆக வேண்டும், தயவுசெய்து இதை மறக்காதீர்கள். என்பிஹெச் பாட்டில் நம் ஊரில் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், அதற்கு சிவப்பு மூடி சிரிஞ்ச். கிளார்ஜின் 100 யூனிட், அதற்கு ஆரஞ்சு மூடி. வீட்டில் மிச்சமிருக்கும் சிவப்பு மூடி சிரிஞ்சில் 2 யூனிட் கோடு வரை கிளார்ஜின் இழுத்தால் உள்ளே போவது 5 யூனிட். பூனைக்கு அது உயிருக்கே ஆபத்து. பழைய சிரிஞ்ச் எல்லாவற்றையும் அன்றைக்கே அப்புறப்படுத்திவிடுங்கள். அரை யூனிட் கோடு போட்டது கிடைத்தால் அதையே வாங்குங்கள், இன்சுலின் பேனா பெரும்பாலும் ஒவ்வொரு யூனிட்டாகத்தான் நகரும். கிளார்ஜினைக் குலுக்கவோ வேறு எதனுடனும் கலக்கவோ கூடாது.

மியாவ்வீடு:
ரொம்ப நன்றி. அதே 2 யூனிட்டில் ஆரம்பிக்கலாமா? அப்புறம், ஊசியே இல்லாமல் வாயில் கொடுக்கும் மருந்து வந்திருக்கிறதாமே?

கால்நடை_கோவை:
நான் கால்நடை மருத்துவர். பழைய டோஸை அப்படியே கொண்டுபோக வேண்டாம். இந்த எடைக்குப் பெரும்பாலும் 1 யூனிட்டில் தொடங்கி, ஐந்து முதல் ஏழு நாள் பார்த்துவிட்டுத்தான் கால் அல்லது அரை யூனிட் கூட்டுவோம், கிளார்ஜின் நிலைக்கு வர அவ்வளவு நேரம் தேவை. முடிவு உங்கள் டாக்டருடையது. எந்த நேரத்திலும் 80க்குக் கீழே போகக் கூடாது. தள்ளாடினால், நடுங்கினால் ஈறில் தேன் அல்லது குளுக்கோஸ் தடவிவிட்டு உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

வாயில் கொடுக்கும் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி உண்டு, பெக்ஸாகிளிஃப்ளோசின் 2022இல், வெலாகிளிஃப்ளோசின் 2023இல். இரண்டுமே இதுவரை இன்சுலின் போடாத பூனைக்குத்தான். கருப்பனுக்கு வேண்டாம்.

இன்னொன்று, உலர் தீனி போடுகிறீர்களா? அதில் மாவுச்சத்து அதிகம். ஈரத் தீனிக்கோ வேகவைத்த கோழிக்கோ மாறினால் சர்க்கரை மளமளவென்று இறங்கும், அதனால் இன்சுலினையும் தீனியையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். பல், சிறுநீர் இரண்டையும் பரிசோதித்துவிடுங்கள், சீழ் இருந்தால் எந்த இன்சுலினும் சரியாகப் பிடிக்காது. அரிப்புக்கு ஸ்டீராய்டு ஊசி ஏதாவது போட்டிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். குதிகால் நடை சர்க்கரை கட்டுக்குள் வந்தால் பல பூனைகளுக்குச் சில மாதங்களில் தேறிவிடும்.

மியாவ்வீடு:
உலர் தீனிதான் போடுகிறோம், அரிப்புக்கு ஊசியும் போட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை டாக்டரிடம் போகிறேன், எண்களை எழுதிவிட்டேன். ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் வாங்கிய பிறகுதான் புது பாட்டிலைத் திறப்பேன்.