அத்தான்ட தாத்தா 1944ல திருகோணமலையில சப்மரீன்ல இருந்தவர், விவரம் எடுக்க வழி இருக்கா?

வெள்ளவத்தைத் தங்கச்சி:
எல்லாருக்கும் வணக்கம். என்ட அக்கா முடிச்சது ஒரு இங்கிலாந்துக்காரரை. அத்தான்ட தாத்தா ரெண்டாம் உலக யுத்தத்தில சப்மரீன்ல வேலை செய்தவர், 1944ல திருகோணமலையில நிண்டவர், இவ்வளவுதான் வீட்டில எல்லாருக்கும் தெரியும், ஏனெண்டா அந்த மனுசன் யுத்தத்தைப் பற்றி வாயே திறக்கேல்ல. 2016ல 92 வயசில போய்ட்டார்.

நான் அக்கா வீட்ட போய் நிண்ட நேரம் அவரோட பழகியிருக்கிறன். அப்படி ஒரு குடும்பஸ்தனை நான் வேற எங்கயும் காணேல்ல. பாட்டிக்கு ஞாபகம் எல்லாம் மறந்து போன காலத்தில அவர்தான் அவவுக்குத் தலை இழுத்து விடுவார், சீப்பை முதல்ல தன்ட உள்ளங்கையில உரசிப் பாத்து, குத்தாது எண்டு தெரிஞ்ச பிறகுதான் தலையில வைப்பார். பிள்ளையளின்ட ஸ்கூல் சேட்டெல்லாம் அவர்தான் அயன் பண்ணுறது. எந்தக் குளிருக்கும் அறை ஜன்னல் திறந்துதான் இருக்கும், பூட்ட விடமாட்டார்.

அவர் போன பிறகு ஒரு பெட்டிக்குள்ள தொப்பி ரிப்பனும் மெடலும் கிடைச்சது. ரிப்பன்ல சப்மரீன்ட பேர் இல்ல, ‘எச்.எம். சப்மரீன்ஸ்’ எண்டு மட்டும் தங்க எழுத்தில இருக்கு. ஆகஸ்ட்ல அக்கா குடும்பம் கொழும்புக்கு வருது, திருகோணமலைக்கும் போக வேணுமாம். எங்க போறது, எப்படித் தேடுறது? அவரே சொல்லாததை நாங்கள் தோண்டலாமா எண்டும் மனசுக்குள்ள ஒரு கேள்வி இருக்கு.

கொட்டாஞ்சேனை அண்ணன்:
தங்கச்சி, யுத்த காலத்தில பாதுகாப்புக்காக ரிப்பன்ல கப்பல் பேர் போடுறதில்ல, அதால அதை வச்சு ஒண்டும் பிடிக்க ஏலாது. மெடலும் உதவாது, அந்தக் காலத்து பிரிட்டிஷ் ஸ்டார் மெடல்கள்ல ஆளின்ட பேரே வெட்டியிருக்காது. சர்வீஸ் ரெக்கார்டைத்தான் எடுக்க வேணும். பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சில கிடந்த பழைய ரெக்கார்டுகளை 2022ல இருந்து லண்டன் கியூவில இருக்கிற தேசிய ஆவணக்காப்பகத்துக்கு மாத்திக்கொண்டு வருகினம், அத்தானை மரணச் சான்றிதழோட விண்ணப்பிக்கச் சொல்லுங்கோ. அதில பல நேரம் தாய்க்கப்பல்ட பேர்தான் இருக்கும், அடமன்ட் இல்லாட்டி மெய்ட்ஸ்டோன் எண்டு. திருகோணமலையில சப்மரீன்கள் அந்தக் கப்பல்களோடதான் கட்டி நிண்டது, கடலுக்குப் போகாத நாள்ல ஆக்கள் அதிலதான் தங்கிறது. சப்மரீன் பேர் தெரிஞ்சா கியூவில அதின்ட லொக் புத்தகம், அதாவது பயணப் பதிவுப் புத்தகம் தேடலாம், ஏடிஎம் 173 எண்ட வரிசை.

கப்பல்ல எஞ்சினியரா இருந்தவன்:
ஜன்னல் கதையை வாசிச்சிட்டு எழுதாம இருக்க முடியேல்ல. அந்தக் காலத்து பிரிட்டிஷ் டி கிளாஸ் வகைச் சப்மரீன் 84 மீட்டர் நீளம், உள்ளுக்குள்ள 60 பேரளவில, டொர்பிடோவுக்குப் பக்கத்திலயே படுக்கை. மலாயாவுக்கும் சுமாத்ராவுக்கும் நடுவில இருக்கிற மலாக்கா நீரிணையில விடிஞ்சதில இருந்து இருட்டும் வரைக்கும் தண்ணிக்குள்ள கிடக்க வேணும், இரவில மேல வந்துதான் டீசல் எஞ்சினை ஓட்டி பட்டறி சார்ஜ் ஏத்துறது. பின்னேரமாக உள்ள இருக்கிற காத்து கெட்டுப்போய்த் தலையிடி வரும், மூச்சு வாங்கும். நல்ல தண்ணி அளவா இருக்கிறதால குளிப்பு இல்ல, உடம்பெல்லாம் வேர்க்குரு. இரவில மூடி திறந்தவுடன உள்ள வாற அந்த முதல் காத்து இருக்கே, அதுக்காகப் பகல் முழுக்கக் காத்துக் கிடந்த பெடியன் வயசு போன பிறகும் ஜன்னலைப் பூட்ட விடாததில என்ன அதிசயம்.

திருமலை ஐயா:
பிள்ளை, தோண்டலாம், ஆனா என்ன வரும் எண்டு தெரிஞ்சுகொண்டு தோண்டுங்கோ. இங்க இருந்து போன டாலிஹோ எண்ட சப்மரீன் 1944 ஜனவரி 11ல பினாங்குக்குக் கிட்ட குமா எண்ட ஜப்பான் குரூஸர் போர்க்கப்பலை மூழ்கடிச்சது, அதை எல்லாரும் பெருமையாச் சொல்லுவினம். அடுத்த மாசமே இங்க இருந்து வெளிக்கிட்ட ஸ்டோன்ஹெஞ்ச் எண்ட சப்மரீன் திரும்பி வரேல்ல, இண்டைக்கும் என்ன நடந்தது எண்டு தெரியாது. அதே வருசம் செப்டெம்பர் 18ல டிரேட்விண்ட் எண்ட சப்மரீன் சுமாத்ரா பக்கம் ஜுன்யோ மாரு எண்ட ஜப்பான் கப்பலை அடிச்சது. அதுக்குள்ள டச்சுக் கைதிகளும், ரயில் பாதை போடக் கொண்டு போன ஜாவாக் கூலிகளும் அடைபட்டுக் கிடந்தவை, 5,000க்கு மேல செத்துப்போச்சுதுகள். கப்பல்ல ஒரு அடையாளமும் இல்ல, அடிச்சவைக்கு உள்ள ஆர் இருக்கினம் எண்டே தெரியாது. நீரிணையில சரக்கு ஏத்தின சின்ன மரக்கலங்களையும் பீரங்கியால அடிச்சுத் தாட்டவை, அதில இருந்தது மலாய், சீனச் சனம். உங்கட தாத்தா எதில இருந்தவர் எண்டு எனக்குத் தெரியாது, ஆனா இப்படியானதுகளைப் பாத்துட்டு வந்த மனுசன் பேரப்பிள்ளையளுக்கு இரவில கதையாச் சொல்லுவானோ? அந்த மௌனத்தை நான் குறையாச் சொல்லமாட்டன்.

வந்தா நிலாவெளி ரோட்டில யுத்த மயானத்துக்குப் போங்கோ, புல்லு வெட்டி நல்லாத்தான் வச்சிருக்கினம். டொக்யார்ட் நேவிட பொறுப்பில, முன்னுக்கே அனுமதி எடுக்க வேணும்.

வெள்ளவத்தைத் தங்கச்சி:
ஐயா, வாசிச்சிட்டு அக்காவுக்கு கோல் எடுத்தன், அத்தானும் பக்கத்தில இருந்து கேட்டவர். கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்ல, பிறகு விண்ணப்பம் போடுறன் எண்டு சொன்னவர். ரெக்கார்ட்ல வாறது எதுவா இருந்தாலும் முதல்ல பெரியாக்கள் வாசிக்கிறது, சின்னனுகளுக்கு என்ன சொல்லுறது எண்டு பிறகு யோசிக்கிறது எண்டு முடிவெடுத்திருக்கினம். டொக்யார்ட் அனுமதிக்கு எவ்வளவு நாளைக்கு முந்தி எழுத வேணும் ஐயா? பாஸ்போட் கொப்பியும் கேப்பினமா?