வெப்குவெஸ்ட் குடுத்தா விக்கிப்பீடியாவை அப்படியே எழுதிட்டு வாறாங்க. சங்கீதம், சித்திரம் படிப்பிக்கிறவங்க கொஞ்சம் வாங்க

கேள்வி: படுவான்கரை டீச்சர்

வணக்கம். கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு பாடசாலையில சங்கீதம் படிப்பிக்கிறன். சித்திர ஆசிரியர் இடமாற்றம் எடுத்துப் போனதில இருந்து 7ஆம், 8ஆம் தரச் சித்திரமும் என்ட தலையிலதான்.

போன தவணை ஒரு செயலமர்வில வெப்குவெஸ்ட் எண்டு சொல்லித் தந்தாங்க. இணையத்தில தேடி, குழுவாச் சேர்ந்து ஒரு பணியைச் செய்து முடிக்கிற முறை. கேக்க நல்லாத்தான் இருந்திச்சு. "மிருதங்கத்தின் வரலாறும் அமைப்பும்" எண்டு வகுப்பில குடுத்தன். வந்த கொப்பியெல்லாம் ஒரே பந்தி. ஒரு மகள் முத்து முத்தான எழுத்தில "வரலாறு தொகு", "அமைப்பு தொகு" எண்டு தலைப்புப் போட்டு, கீழ சிவப்பு மையால கோடும் அடிச்சிருக்கா. விக்கிப்பீடியாத் தலைப்புக்குப் பக்கத்தில நிக்கிற "தொகு"வையும் விடாமப் பாத்து எழுதியிருக்கா, பாவம். மிருதங்கத்தில வலந்தலை எது, இடந்தலை எது எண்டு கேட்டா முழிக்கிறா.

கணினி அறையில ஓடுற மெசின் கொஞ்சம்தான். வீட்டில போன் இருக்கு, ஆனா பகலில அது அப்பாவோட வயலுக்குப் போயிரும். அழகியல் பாடத்துக்கு இதை உருப்படியாச் செய்தவங்க ஆராவது இருக்கீங்களா? இல்லாட்டிப் பேசாம சுருதிப்பெட்டியோடயே இருந்திரட்டா?

பதில்: கல்லடி வாத்தியார்

சுருதிப்பெட்டியும் இருக்கட்டும் டீச்சர், இதையும் விடாதீங்க. நான் நாடகமும் அரங்கியலும் படிப்பிச்சு ஓய்வு எடுத்தவன். இந்த முறையைக் கனகாலம் பாவிச்சிருக்கன்.

இது புதுச் சாமான் இல்ல. 1995இல அமெரிக்காவில சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில பேர்னி டொட்ஜ் எண்டவர் டொம் மார்ச்சோட சேர்ந்து உருவாக்கினது. அப்ப கூகிளே இல்ல. செயலமர்வுகளில அறிமுகம், பணி, செயல்முறை, மதிப்பீடு, முடிவு எண்டு பகுதிகளை மட்டும் பாடமாக்கித் தந்திட்டு, உள்ளுக்க கிடக்கிற சங்கதியை விட்டிருவாங்க. தேடி அலையிறது புள்ளைட வேலை இல்ல. பக்கங்களையும் வீடியோவையும் வாத்தியார் முதலே பொறுக்கிக் குடுக்கணும். அதைப் பாத்து, யோசிச்சு, ஒரு முடிவுக்கு வாறதுதான் புள்ளைட வேலை. டொட்ஜ் பணிகளை 12 வகையாப் பிரிச்சிருக்கார். வாசிச்சதைத் திருப்பிச் சொல்லுறது அதில ஒரு வகை மட்டும்தான். நீங்க குடுத்த மிருதங்கக் கேள்வி அந்த வகை. அதுக்குப் பாத்து எழுதுறதுதான் சரியான விடை, புள்ளைகளில குத்தம் சொல்ல ஏலாது.

நம்மட கூத்தில வடமோடி, தென்மோடி எண்டு ரெண்டு பாணி இருக்கு. கூத்துப் பழக்கிறவர்தான் அண்ணாவியார். நான் குடுக்கிற பணி இப்படி இருக்கும்: "நம்மட ஊர்க் கோயில் வளவில கூத்து ஆடப் போறாங்க. வடமோடி ஆடுறதா, தென்மோடி ஆடுறதா எண்டு அண்ணாவியார் உங்களிட்டக் கேக்கிறார். முடிவைச் சொல்லுங்க, காரணத்தை ஆடியும் பாடியும் காட்டுங்க." இதுக்கு விக்கிப்பீடியாவில விடை இல்ல. ஆனா விடைக்கு வேண்டிய துண்டு துணுக்கெல்லாம் இணையத்தில கிடக்கு. நூலகம் எண்ட இணையத்தளத்தில கூத்துப் பற்றின பழைய புத்தகங்கள் இருக்கு, யூடியூப்பில ரெண்டு மோடிக்கும் வீடியோ இருக்கு. பக்க இலக்கம், நிமிசக் கணக்கு எல்லாம் நீங்களே குறிச்சுக் குடுக்கணும்.

குழுவைக் காது, கண், கால், வாய் எண்டு பிரிப்பன். காதுக்காரர் திரையைப் பாக்கக் கூடாது. மத்தளமும் சல்லரித் தாளமும் எங்க சேருது, எங்க விடுது, பிற்பாட்டுக்காரர் எந்த இடத்தில வரியைத் திருப்பி எடுக்கிறாங்க எண்டு கையால தட்டித் தட்டிக் குறிக்கணும். கண்காரருக்குச் சத்தம் இல்ல. உடுப்பு, முடி, வரவு, களரியில (ஆடுற இடத்தில) சுத்துற விதம், இதுகளைக் கீறணும். சித்திரப் பாடமும் அதுக்க வந்திரும் டீச்சர், உங்களுக்கு ஒரு கல்லில ரெண்டு மாங்காய். கால்காரர் ஒரேயொரு தாளக்கட்டு (ஆட்டத்துக்கான தாளச் சொல்) பழகி ஆடிக் காட்டணும். வாய்க்காரர்தான் உண்மையான அண்ணாவியாரிட்டப் போறாக்கள்.

ஒரு பொடியன், வடமோடி ராசாட, கூடு மாதிரி விரிஞ்சு நிக்கிற கரப்புடுப்பைப் படத்தில பெரிசாக்கிப் பாத்திட்டு, "இதோட எப்படி ஐயா சுத்தி ஆடுற?" எண்டு அண்ணாவியாரிட்டக் கேட்டான். மனுசன் வாயால பதில் சொல்லல்ல. உள்ளுக்கப் போய்க் கரப்பை எடுத்து வந்து, அவன்ட இடுப்பில கட்டி, "ஆடு" எண்டார். பொடியன் ஒரு சுத்துச் சுத்தக்குள்ள கரப்பு ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். அடுத்த கிழமை அவன்ட கொப்பியில உடுப்பைப் பற்றி எழுதினது ஒரு வரியும் எங்கயும் பாத்து எழுதினது இல்ல.

பதில்: பன்பாய்

ஸலாம் டீச்சர். அக்கரைப்பற்று, சித்திரம். சேர் சொன்னதுதான் சரி. நான் சித்திரத்துக்கு மருதமுனைக் கைத்தறிச் சாரத்தை, அதான் லுங்கியை, எடுப்பன். ஒவ்வொரு குழுவும் வீட்டில இருந்து ஒரு சாரம் கொண்டு வரணும். போன் கமராவால கிட்டப் புடிச்சுப் படம் எடுத்துப் பெரிசாக்கினா, நெடுக்க ஓடுற பாவு நூலும் குறுக்க ஓடுற ஊடை நூலும் சந்திக்கிற இடத்தில மூண்டாவது ஒரு நிறம் தெரியும். நூலில அப்படி ஒரு நிறமே இல்ல. அது எங்கால வந்தது? இதான் கேள்வி.

பிறகு கூகிள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர் தளத்துக்குக் கூட்டிட்டுப் போவன். வான்கோ 1889இல வரைஞ்ச "நட்சத்திர இரவு" படத்தைத் தூரிகை இழுத்த தடம் தெரியுறளவுக்குப் பெரிசாக்கலாம். நீலத்துக்குப் பக்கத்தில மஞ்சளைக் கலக்காம அப்படியே வெச்சிருக்கான் மனுசன். சாரத்தில பாத்ததையும் இதையும் புள்ளயள் தாங்களே முடிச்சுப் போடுவாங்க. கடைசியாச் சதுரக்கோட்டுக் கொப்பியில பெட்டி பெட்டியா நிறம் நிரப்பித் தங்கட சாரத்தைத் தாங்களே வடிவமைக்கணும். மருதமுனையில தறிக்காரர் ஒருத்தரிட்டக் காட்டினா, "இது நெய்யலாம், இது நெய்யேலா" எண்டு ஒரே பார்வையில சொல்லிருவார். நான் போடுற புள்ளிய விட அதுதான் புள்ளயளுக்குப் பெரிசு.

சங்கீதத்துக்கு ஒரு யோசனை: உங்கட பக்கத்து வசந்தன் ஆட்டத்திலயும் கம்படி இருக்கு, எங்கட பக்கத்துப் பொல்லடி ஆட்டத்திலயும் கம்படி இருக்கு. ரெண்டு வீடியோவையும் பக்கத்தில பக்கத்தில வெச்சு, அடி விழுற இடங்களைக் குறிக்கச் சொல்லுங்க. உங்கட வகுப்பும் எங்கட வகுப்பும் சேர்ந்தே செய்யலாம்.

பதில்: உப்புக்காத்து

எல்லாம் வாசிக்க நல்லாத்தான் இருக்கு. போனைக் கையில குடுத்தா அஞ்சாம் நிமிசம் டிக்டொக். டேட்டாக் காசு ஆரு கட்டுற? பாடவேளையே கொஞ்ச நேரம்தான், அதில லொகின் பண்ணவே பாதி போயிரும்.

பதில்: கல்லடி வாத்தியார்

தம்பி, அதுக்குத்தான் போனைக் குடுக்கிறதே இல்ல. வேண்டிய பக்கங்களைப் பீடிஎப்பா எடுத்து, வீடியோவோட சேர்த்துப் பென்டிரைவில போட்டிருங்க. ஒரு மடிக்கணினி, ஒரு ஸ்பீக்கர் போதும், குழுக்கள் மாறி மாறி வரலாம். சின்ன வெப்குவெஸ்ட் ஒண்டு முதல் மூண்டு பாடவேளைக்குள்ள முடியணும் எண்டுதான் டொட்ஜும் எழுதியிருக்கார். இழுத்தா ருசி போயிரும்.

பதில்: மோகனம்

கல்முனையில சங்கீதம். லொகின் இல்லாத ஒண்டு சொல்லுறன். கூகிளின்ட குரோம் மியூசிக் லாப், 2016இல வந்தது. அதில சோங் மேக்கர் எண்டு ஒண்டு இருக்கு, பெட்டிகளைத் தட்டினா சுரம் கேக்கும். செட்டிங்கில மேஜர் எண்டு வச்சா நம்மட சங்கராபரண ராகம், பென்டடோனிக் எண்டு வச்சா ச ரி க ப த, அச்சு அசல் மோகன ராகம். நான் இதைச் சொல்லிக் குடுக்கிறதில்ல. "இதில ரெண்டு சுரத்தைக் காணல்ல. எது எது? அது இல்லாம நமக்குத் தெரிஞ்ச எந்தப் பாட்டை வாசிக்கலாம்?" எண்டு விட்டிருவன். ஆதி தாளத்துக்கு நாலு நாலு அடியா ரெண்டு பார் எடுங்க.

குறையும் சொல்லணும். இதில கமகம், அதாவது சுரத்தை அசைச்சுப் பாடுறது, இல்ல, சுரம் கல்லு மாதிரி நிக்கும். அதையே கேள்வியாக்குங்க: "கொம்பியூட்டர் வாசிக்கிற மோகனத்தில என்ன இல்ல? பாடிக் காட்டு." இதுக்குப் பாத்து எழுத ஏலாது. சித்திரமும் உங்கட தலையில எண்டபடியா, அதே தளத்தில கன்டின்ஸ்கி எண்டதையும் பாருங்க. கீறின கோடு சத்தமா மாறும்.

விபுலாநந்த அடிகளார் பிறந்த காரைதீவு கிட்டத்தான் இருக்கு. பழைய நரம்புக் கருவி யாழைப் பற்றி அவர் எழுதின யாழ் நூல் 1947இல வந்தது. 9ஆம் தரத்துக்கு மேல எண்டா வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் அஞ்சையும் வச்சு, இணையத்தில கிடக்கிற படங்களில எது யாழ், எது வீணை, எது வெளிநாட்டு ஹார்ப் எண்டு பிரிக்கக் குடுக்கலாம். "யாழ்" எண்டு மட்டும் தேட விட்டிராதீங்க, யாழ்ப்பாணத்துச் செய்தியெல்லாம் வந்து கொட்டும்.

பதில்: படுவான்கரை டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. வைகாசியில எங்கட அம்மன் கோயிலில குளிர்த்திச் சடங்கு வருது, ஊரில வசந்தன் பழகுறாங்க. அதால வசந்தனையும் பொல்லடியையும் எடுக்கப் போறன். பன்பாய் ஸேர், உங்கட வகுப்பையும் சேர்க்கலாம் எண்டா தனிச்செய்தி போடுங்க. மதிப்பீட்டு அட்டவணையில "இணையத்தில கிடைக்காத ஒரு தகவல்" எண்டு ஒரு வரி சேர்த்திருக்கன். அதுக்கு எத்தனை புள்ளி போடலாம்?

பதில்: கல்லடி வாத்தியார்

மொத்தம் இருபது எண்டா அதுக்கு எட்டுப் போடுங்க, புள்ளைகள் கட்டாயம் வீட்டை விட்டு வெளிக்கிடுவாங்க. இன்னொண்டு மகள், வசந்தன் பழக்கிறவரைப் போனில பதிவு செய்ய முதல் அவரிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. சிலருக்கு வகுப்புக்குள்ள காட்டச் சம்மதம், முகநூலில போடச் சம்மதம் இல்ல. பெற்றாருக்கும் அதைச் சொல்லி வையுங்க.