பற்றுகூம்பு, விடுகூம்பு

துருவல் எந்திரத்தின் (மில்லிங் மெஷின்) சுழல்தண்டில் வெட்டுக்கருவி பொருந்தும் கூம்புகளுக்குத் தன்பிடிக் கூம்பு (self-holding taper), தன்விடு கூம்பு (self-releasing taper) என்னும் சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. பொருளில் பிழையில்லை, ஆயினும் ‘தன்’ இங்கே மிகை. சுடுமண், குடிநீர் போல வினைத்தொகையாகப் பற்றுகூம்பு, விடுகூம்பு என்றாலே போதும் என்பது என் கருத்து. வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்று மிகாது.

மோர்ஸ் (Morse) என்னும் வகைக் கூம்பில் ஏறத்தாழ 20 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. விட்டமே குறைகிறது. சரிவு அத்தனை மென்மையாக இருப்பதால், கருவியைக் கூம்புக்குள் இழுத்துப் பிடிக்கும் இழுதண்டை (drawbar) இரண்டு சுற்றுத் தளர்த்திய பின்னும் உராய்வே கருவியைப் பற்றிக்கொண்டிருக்கும். தண்டின் தலையில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால்தான் ‘டக்’கென்று விடுபடும். அது பற்றுகூம்பு.

7/24 கூம்பிலோ 24 மி.மீ. நீளத்துக்கு 7 மி.மீ. விட்டம் குறைகிறது, முழுக்கோணம் 16 பாகைக்குச் சற்று மேல். இழுவிசை நீங்கினால் கருவிப்பிடி எளிதில் கழன்று வரும் என்பதால்தான் தானியங்கிக் கருவிமாற்றிகளுக்கு இது ஒத்துவருகிறது. இது விடுகூம்பு.

விடுகூம்பு என்றால் ஓட்டத்தின்போதே கருவி கழன்றுவிடும் என்று மாணவர் எண்ணமாட்டாரா என்ற ஐயம் நியாயமானதே. ஆனால் அந்தப் பெயர் கூம்பின் இயல்பைச் சொல்கிறதே தவிர, பிடிமானம் முழுவதையும் அன்று. கருவிப்பிடியின் வாலிலுள்ள குமிழை விரல்கள் கவ்விக்கொள்ள, வட்டுவடிவ விற்சுருள்களின் (disc spring) அடுக்கு இழுதண்டை ஓயாமல் மேல்நோக்கி இழுக்கிறது. முறுக்குவிசையைக் கடத்தச் சுழல்தண்டின் முகத்தில் இரண்டு சாவிக்கட்டைகள் இருக்கின்றன. காற்றழுத்தமோ எண்ணெயழுத்தமோ கொடுத்து வில்லை அமுக்கினால்தான் பிடி தளரும் என்பதால், மின்சாரம் நின்றாலும் கருவி விழாது. ஆகவே பாடநூலில் விடுகூம்பும் இழுதண்டும் ஒரே பத்தியில் வரவேண்டும்; பிரித்தால் குழப்பந்தான்.

கருவியின் தண்டைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் காலெட்டைக் (collet) கவ்வி என்பதை நான் ஏற்கவில்லை. சக் (chuck) என்னும் பிடிப்பானையும் கவ்வி என்றே அழைப்பதால், நீளவாக்கில் பிளவுபட்ட இந்தக் குழலுக்குப் பிளவுக்குழல் பொருந்தும்.

எச்எஸ்கே (HSK) என்னும் கருவிப்பிடி வகையைப் பற்றுகூம்பு, விடுகூம்பு இரண்டிலும் அடக்க வேண்டாம். 1:10 சரிவுள்ள அதன் கூம்பு உள்ளீடற்றது. விரல்கள் உள்ளிருந்து வெளிநோக்கி விரிந்து பிடிப்பதால், வேகம் கூடும்போது மையவிலக்கு விசை அவற்றின் பிடியை மேலும் இறுக்கும். கூம்போடு தோள்முகமும் ஒருசேரப் பொருந்துகிறது. வடிவத்தை வைத்து அதைக் குழற்கூம்பு எனலாம்.