மறு: ப்ளூபிரிண்டிங் – 'அளவிணக்கம்' என்று வைக்கலாமா?

குழும அன்பர்களுக்கு வணக்கம். எஞ்சினைப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, வேண்டிய அளவுக்குச் சரியாகக் கொண்டுவந்து கோக்கும் வேலையைத்தான் ப்ளூபிரிண்டிங் என்கிறோம். அதற்குத் தம்பி ஒருவர் முன்வைத்த தமிழ்ச்சொல் இது:

> என்ஜின் ப்ளூபிரிண்டிங் = நீலப்படமாக்கம். மூலச்சொல்லுக்கு நெருக்கமாக இருக்கிறது.

மூலச்சொல்லுக்கு நெருக்கம்தான் தம்பி, ஆனால் வேலைக்கு வெகு தூரம். பாகங்களை மாற்றக் கூடாது என்ற விதியுள்ள பந்தய வகுப்புகளில், தொழிற்சாலை வரைபடம் சொல்லும் அளவுக்கே ஒவ்வொரு பாகத்தையும் கொண்டுவந்து கோப்பார்கள். அங்கே அந்தப் பெயர் சரி. நம் தென்னாப்பிரிக்க டர்பன் பக்கத்து டிராக் (நேர்கோட்டு வேகப் பந்தய) கார் அப்படியா? சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோல்ஃப் 1.8 டர்போவைப் பிரித்தால், ஃபோர்ஜ்டு பிஸ்டன் ஓரிடம், கனெக்டிங் ராடு வேறிடம், கேம் இன்னோரிடம் என்று சொல்லிச் செய்து வாங்கிப் போடுகிறோம். இந்தக் கலவைக்கு எந்தத் தொழிற்சாலையும் படம் போட்டு வைக்கவில்லை. எந்த அளவு என்பதை எஞ்சினைக் கட்டுகிறவர்தான் முடிவு செய்கிறார். பிறகு பாகங்களை ஒன்றுக்கொன்று இணங்க வைக்கிறார். அதனால்தான் 'அளவிணக்கம்' என்கிறேன்.

பிஸ்டன் வளையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வளையத்தை சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் மெல்லத் தள்ளி நேராக உட்கார வைத்து, அதன் இரு முனைகளுக்கும் நடுவே ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பார்க்கிறோம். 81 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), டர்போ அழுத்தம் என்றால் மேல் வளையத்துக்கு 0.45 முதல் 0.5 மி.மீ. வரை தேவைப்படும். போதாவிட்டால் முனையை அரத்தால் கொஞ்சம் தேய்த்து, திரும்ப உள்ளே விட்டு, திரும்ப அளக்க வேண்டும். இடைவெளி குறைவாக விட்டால், 402 மீட்டர் முழு திராட்டிலில் ஓடும்போது வளையம் சூட்டில் விரிந்து முனையோடு முனை முட்டும்; பிஸ்டனின் வளையத் திட்டு உடைந்து போகும். (இந்த இடைவெளிக்கு 'வளைய வாய்' என்ற சொல்லையும் முன்வைக்கிறேன்.)

அடுத்தது எரி அறை. மொத்தம் 1781 சிசி, ஆக ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய 445. அழுத்த விகிதம் (சிலிண்டருக்குள் வந்த கலவை எத்தனை மடங்கு நெரிக்கப்படுகிறது என்பது) 9 வேண்டுமென்றால் பிஸ்டனுக்கு மேலே 55.6 சிசி மிஞ்ச வேண்டும். ஓர் அறையில் மட்டும் 2 சிசி குறைந்தால் அங்கே விகிதம் 9.3 ஆகிவிடும், டர்போ அழுத்தத்தில் கலவை கட்டுப்பாடின்றி வெடித்து முதலில் தட்டுவதும் அந்த சிலிண்டர்தான். அதனால் சிலிண்டர் ஹெட்டைக் கவிழ்த்து, துளையிட்ட அக்ரிலிக் தகட்டை மேலே ஒட்டி, பியூரெட்டால் (அளவு குறித்த கண்ணாடிக் குழாய்) திரவம் விட்டு நான்கு அறைகளையும் அளக்கிறோம். எது சின்னதோ அதை மற்றவற்றின் அளவுக்குக் கொண்டுவருகிறோம். இதில் படம் எங்கே வருகிறது?

ஊருக்கு ஊர் கணக்கும் மாறுகிறது. ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கடற்கரையைவிட அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய 18 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத எஞ்சினை அங்கே ஓட்டுவதற்கென்றே கட்டுகிறவர் விகிதத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கலாம். அதே எஞ்சின் கடற்கரை டர்பனுக்கு வந்தால் ஆபத்து.

'துல்லியக் கோப்பு' என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். நல்ல சொல், ஆனால் எந்த வேலையையும் துல்லியமாகக் கோக்கலாமே. 'அளவுத்திருத்தம்' ஏற்கெனவே கருவிகளைச் சரிபார்ப்பதற்குப் புழங்குகிறது, அதைக் குழப்ப வேண்டாம். இன்னொன்றும் உண்டு. இங்கே கராஜில் நிற்கும் பையன்களுக்கு வெர்னாக் (தாய்மொழி) வகுப்பில் படித்த தமிழ்தான் இருக்கிறது. "பிளாக்கை அளவிணக்கியாச்சா அண்ணே?" என்று அவர்கள் வாயில் வர வேண்டும். வினையாக மாற மறுக்கும் சொல் பட்டறையில் நிற்காது.

எதிர்ப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள். அப்புறம், 'டார்க் பிளேட்'டுக்கும் ஒரு சொல் வேண்டும்: ஹெட்டை முடுக்கும்போது போர் கொஞ்சம் நெளியும் அல்லவா, அதே நெளிவோடு ஹோன் செய்வதற்காக (உட்சுவரைத் தேய்த்துச் சீராக்குவதற்காக) ஹெட்டுக்குப் பதிலாக முடுக்கும் தடித்த தகடு. 'முடுக்குத் தகடு' எப்படி இருக்கிறது?