முதல் வண்டி எது: ஜேசிபியா, டிப்பரா, வாடகையா?

கோட்டையூர் தம்பி

எல்லோருக்கும் வணக்கம். வெளியூரில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் சைட் இன்ஜினியராக இருந்துவிட்டு, ஊருக்கே திரும்பி சொந்தமாகக் காண்ட்ராக்ட் எடுக்கத் தொடங்கியிருக்கிறேன். இப்போதைக்கு காரைக்குடி கழனிவாசல் பக்கம் இரண்டு புது வீடு, கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டு மராமத்து. கையிருப்பு 12 லட்சம், மீதிக்குக் கடன் கிடைக்கும்.

புது ஜேசிபி எடுப்பதா, பத்து வீல் டிப்பர் லாரியா, இல்லை தானே ஜல்லி மணல் அள்ளிக் கலக்கும் அஜாக்ஸ் மாதிரி மிக்சரா? அப்பா எதுவுமே வேண்டாம் என்கிறார். வண்டி வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

டீசல்வாசம்

ஜேசிபிதான் தம்பி. யோசிக்கவே வேண்டாம். நம் ஊர் மண் உனக்குத் தெரியும். மேலே கொஞ்சம் செம்மண், கீழே செம்பூரான் சரளை. சித்திரை வெயிலில் கடப்பாரை போட்டால் கை எரியுமே தவிர மண் பெயராது. ஆள் விட்டு வாணம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டிய காலம் போய்விட்டது.

வாணம், செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி, தரை மட்டம், டிப்பரில் மண் ஏற்றுவது எல்லாம் ஒரே வண்டியில் முடியும். ஜேசிபி 3டிஎக்ஸ் மாடல் பதினைந்தடி ஆழம் எட்டும். வீட்டு வேலைக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? செயின் சக்கர ஹிட்டாச்சி எடுத்தால் ஒவ்வொரு சைட்டுக்கும் டிரெய்லரில் ஏற்றி இறக்க வேண்டும். இது ரோட்டில் தானே ஓடி வந்துவிடும். உன் வேலை இல்லாத நாளில் வாடகைக்கு விடு. கோடையில் கண்மாய் வண்டல் அள்ள அனுமதி கொடுத்தால் வண்டிக்கு ஓய்வே இருக்காது.

கணக்குப்பிள்ளை

டீசல்வாசம் அண்ணன் சொன்னது எல்லாம் வண்டி ஓடும் நாளுக்கான கணக்கு. நிற்கும் நாளுக்கான கணக்கை நான் சொல்கிறேன்.

25 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, நான்கு வருடம் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 63,400. ஆபரேட்டர் சம்பளம் 25,000. இரண்டும் சேர்ந்து 88,400. வண்டி நகர்ந்தாலும் நகராவிட்டாலும் இது போகும். வாடகை மணிக்கு 1,200 என்று வையுங்கள். டீசல் மணிக்கு 5 லிட்டர், அது ஏறத்தாழ 470 ரூபாய். ஆபரேட்டர் பேட்டா (தினப்படி), கிரீஸ், ஆயில் என்று ஒரு 100. மிஞ்சுவது 630. தவணையும் சம்பளமும் கட்டவே மாதம் 140 மணி நேரம் ஓட வேண்டும். டயர், இன்சூரன்ஸ், ரிப்பேர் எதையும் இதில் சேர்க்கவில்லை.

தம்பியிடம் உள்ளது இரண்டு வீடு. ஒரு வீட்டுக்கு வாணமும் தொட்டியும் தோண்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று டீசல்வாசம் அண்ணனே சொல்லட்டும். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் பூமி பூஜை போட மாட்டார்கள். ஐப்பசி கார்த்திகையில் மழை. இதற்கெல்லாம் சேர்த்து யானையைக் கட்டித் தீனி போட முடியுமா?

டீசல்வாசம்

கணக்கு சரிதான் பிள்ளை. ஆனால் உங்கள் கணக்கில் ஒரு வரி இல்லை. தை பிறந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் வேலை தொடங்குவார்கள். அப்போது இரண்டு மணி நேர வேலைக்கு எவன் வண்டி அனுப்புவான்? "நாளைக்கு வர்றேன்" என்பான். நாளை என்பது அடுத்த வாரம். கம்பி கட்ட ஆள் வந்து உட்கார்ந்திருக்கும். அந்தக் கூலியை யார் தருவது? நேரத்துக்குத் தோண்டிக் கொடுத்தான் என்ற பேர் வந்தால்தான் மூன்றாவது வீடு கிடைக்கும்.

கணக்குப்பிள்ளை

அந்தப் பேருக்கு மாதம் 88,400 கொடுப்பது அதிகம். இரண்டு வண்டிக்காரர்களிடம் முன்பணம் கொடுத்துத் தேதி குறித்து வைத்தால் போதும்.

ஆறு வீல்

இரண்டு பேரும் மண் தோண்டுவதிலேயே நிற்கிறீர்கள். வீட்டு வேலையில் தோண்டுவது முதல் இரண்டு மூன்று நாள். அதற்கப்புறம் மாதக் கணக்கில் எம்சாண்ட் (கல் உடைத்த மணல்), ஜல்லி, செங்கல், இடிந்த காரை ஓட்டம்தான். மணல் வராமல் நின்ற சைட்டை எல்லோரும் பார்த்திருப்போம். ஒரு பழைய ஆறு வீல் டிப்பர் எடுங்கள். பத்து வீல் வேண்டவே வேண்டாம்.

கோட்டையூர் தம்பி

பத்து வீலில் ஒரே நடையில் ஆறு யூனிட் வரும், ஆறு வீலில் மூன்று, நான்குதான் வரும் என்று ஒரு லாரிக்காரர் சொன்னாரே? நடைக் கூலி பாதியாகிவிடும் என்றார்.

ஆறு வீல்

அவர் ஏற்றுவார். பிடிபட்டால் கட்டுவதும் அவர்தான். தம்பி, ஒரு யூனிட் என்பது 100 கன அடி. ஈர எம்சாண்ட் யூனிட்டுக்கு நாலரை முதல் ஐந்து டன் நிற்கும். 2018-ல் மத்திய அரசு அச்சுப் பாரத்தை உயர்த்திய பிறகு ஆறு வீலுக்கு மொத்த எடை 18.5 டன், பத்து வீலுக்கு 28 டன் அளவில். பத்து வீல் டிப்பர் வெறும் வண்டியே பத்து டன்னுக்கு மேல். அப்படியானால் சட்டப்படி ஏற்றக் கூடியது நாலு யூனிட்டுக்கும் குறைவு. ஆறு யூனிட் போட்டால் பத்து டன் அதிகம். 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி அபராதம் 20,000, அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000. மொத்தம் 40,000. அதிகப் பாரத்தை ரோட்டோரம் இறக்கவும் சொல்வார்கள். அந்த ஒரு நாளில் எத்தனை நடை லாபம் போகும் என்று கணக்குப்பிள்ளை சொல்லட்டும். ஆறு வீல்காரனுக்கும் இதே சட்டம்தான். இரண்டரை யூனிட்டுக்கு மேல் போட்டால் அவனும் மாட்டுவான்.

இன்னொன்று, கனிமம் ஏற்றிச் செல்லும் அனுமதியான நடைச்சீட்டு இல்லாமல் ஒரு கூடை ஜல்லிகூட ரோட்டில் வரக் கூடாது. சொந்த வண்டி, சொந்த சைட் என்று சொன்னால் கனிமவளத் துறை விடாது.

கணக்குப்பிள்ளை

நடைச்சீட்டோடு, ஜல்லி உடைக்கும் கிரஷரின் லாரியே சைட்டில் வந்து கொட்டும்போது தம்பிக்குச் சொந்த டிப்பர் எதற்கு? 2025 செப்டம்பர் 22 முதல் லாரிக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆனதால் இப்போது எடுத்தால் லாபம் என்று ஷோரூமில் சொல்வார்கள். வண்டியில் கட்டிய வரியைத் திரும்பக் கழிக்கலாம், உண்மைதான். ஆனால் அது பில் போட்டு வரி வாங்குகிறவனுக்கு. நம் பக்கம் வீடு கட்டுகிறவர் "பில் எல்லாம் வேணாம், தொகையைக் குறைச்சுக்குங்க" என்பார். அப்புறம் எதில் கழிப்பது?

மேலவீதி ஆச்சி

மூன்று பேரும் புது வீட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்தப் பிள்ளை கானாடுகாத்தானில் பழைய வீட்டு வேலை என்று முதலிலேயே சொல்லியிருக்கிறதே, அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. எங்கள் குடும்பம் அந்த வேலைதான் செய்கிறது.

நம் ஊர் வீடுகள் ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். வண்டி பின்வாசல் வரை வரும், அதற்கு மேல் உள்ளே எல்லாம் தலைச்சுமைதான். வளவிலோ (உள்முற்றம்) இரண்டாங்கட்டிலோ (அதற்கு அடுத்த பகுதி) வேலை என்றால் ஜேசிபி தெருவில் நின்று வேடிக்கை பார்க்கும். பின்பக்கம் ஒரு சுவரை இடிக்க வேண்டும் என்று பக்கெட்டால் தட்டினால், அதிர்வு சுண்ணாம்புக் காரைச் சுவர் வழியாக ஓடி முகப்பு வரை வெடிப்பு விடும். முட்டை வெள்ளைப் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் அதைப் பழையபடி தேய்க்கத் தெரிந்த ஆளைத் தேட வேண்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைப் பெயர்த்து வைப்பதும் உளியும் கையும்தான்.

டிப்பர் கொண்டு வருகிறவர்களுக்கு ஒன்று. பின்தெருவில் மின்கம்பி தாழ்வாக ஓடும் இடம் உண்டு. வண்டித் தொட்டியைத் தூக்கும் முன் டிரைவர் இறங்கி மேலே பார்க்க வேண்டும். தரை ஒரு பக்கம் சரிந்திருந்தால் தூக்கவே கூடாது. பாரம் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டால் வண்டி கவிழும்.

மராமத்துக்கு பொலேரோ பிக்கப், தோஸ்த் மாதிரி ஒரு சின்னச் சரக்கு வண்டி போதும். அதற்கே தினம் வேலை இருக்கும்.

டீசல்வாசம்

ஆச்சி சொன்னால் மறுக்க மாட்டேன், பழைய வீட்டுக்குள் எங்களுக்கு வேலையில்லை. ஆனால் பிக்கப்பை வைத்துக்கொண்டு கான்ட்ராக்டர் என்று போர்டு மாட்ட முடியுமா?

மேலவீதி ஆச்சி

எங்கள் வீட்டில் போர்டே கிடையாது. வேலை வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆறு வீல்

மிக்சரைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஆயிரம் சதுர அடி மேல்தளம், ஐந்து அங்குல கனம் என்றால் 12 கன மீட்டர் கான்கிரீட். ஒரு வீட்டுக்கு ஒரு நாள் வேலை, மாடி வந்தால் இரண்டு நாள். அதற்காகச் சொந்த மிக்சரா? வாடகைக்கு எடுங்கள். பிளான்டில் கலந்து லாரியில் வரும் ரெடிமிக்ஸ் கான்கிரீட் வாங்கினால் இந்தியத் தர நிர்ணயப்படி ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கியாக வேண்டும். பிளான்ட் எவ்வளவு தூரம், நடுவில் ரயில்வே கேட் உண்டா என்று முதலில் பாருங்கள்.

கோட்டையூர் தம்பி

சரி, புது வண்டி எண்ணத்தை விட்டுவிட்டேன். ஒரு பிக்கப் எடுக்கிறேன், அது உறுதி. ஆனால் புதுக்கோட்டையில் 2019 மாடல் ஜேசிபி ஒன்று பாதி விலைக்கு வந்திருக்கிறது. மனசு அதிலேயே நிற்கிறது. பழைய வண்டியை எப்படிப் பார்ப்பது?

டீசல்வாசம்

இதைத்தான் கேட்டிருக்க வேண்டும். புதிய புகை விதி வந்த 2021 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி என்றால் நம் ஊர் மெக்கானிக்கே பிரித்துப் போடுவார், லேப்டாப் தேவையில்லை. ஆனால் மணி மீட்டரை நம்பாதே, மாற்றியிருப்பார்கள். பெடல் ரப்பர், சீட், லீவர் குமிழ் தேய்மானத்தைப் பார். காலையில் வண்டி சூடாவதற்கு முன்னால் போ. முன்பே ஓட்டி வைத்திருந்தால் திரும்பி வந்துவிடு. ஸ்டார்ட் பண்ணி ஆயில் மூடியைத் திற, புகை குபுகுபு என்று வந்தால் இன்ஜின் வேலை இருக்கிறது. பின்பக்கத் தோண்டும் கையை முழுக்க நீட்டி, பக்கெட்டைத் தரையிலிருந்து ஒரு அடி தூக்கி நிறுத்து. பத்து நிமிடம் டீ குடி. அது தானே இறங்கியிருந்தால் சிலிண்டர் சீல் போயிருக்கிறது. அப்புறம் பக்கெட்டைக் கையால் பிடித்து ஆட்டு, மூட்டு ஆணியும் புஷ்ஷும் தேய்ந்திருந்தால் லொடலொட என்று ஆடும். கை தொடங்கும் அடியில் புது பெயிண்ட் மட்டும் பளபளத்தால் நகத்தால் சுரண்டு. கீழே வெல்டிங் தடம் இருக்கும்.

கணக்குப்பிள்ளை

அண்ணன் இரும்பைப் பார்க்கட்டும், தம்பி காகிதத்தைப் பார். ஆர்சியில் பழைய கடன் ஏறியிருக்கும். ஃபைனான்ஸ் கம்பெனியின் என்ஓசியும் (தடையில்லாச் சான்று), ஆர்சியிலிருந்து கடனை நீக்கும் படிவம் 35-உம் கையில் வராமல் ஒரு ரூபாய் அட்வான்ஸ் கொடுக்காதே. அப்புறமும் சொல்கிறேன், பாதி விலை வண்டிக்குத் தவணை பாதியானாலும் ஆபரேட்டர் சம்பளம் குறையாது, 90 மணி நேர வேலையாவது மாதாமாதம் வேண்டும். அதை யார் தருவார்கள் என்று பேர் எழுதிக் கொண்டு வா, பிறகு பேசலாம்.

டீசல்வாசம்

முதல் பேராக என் பேரை எழுது. தையில் என் வண்டி பத்தாது.