அறுபதுகளின் பிரிட்டிஷ் குழுக்கள்: தொகுப்புகளில் இருப்பவை மூலப்பதிவுகள்தானா?

கேள்வி (நெய்தல்):
தி சர்ச்சர்ஸ் குழுவின் வெற்றிப் பாடல்களைத் தொகுத்த குறுந்தகடு ஒன்றை அண்மையில் வாங்கினேன். உறையில் 1964-ஆம் ஆண்டுக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. பாடல் பட்டியலிலும் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் ஒலிக்கவிட்டதும் டிரம் ஓசையும் எதிரொலியும் எண்பதுகளைச் சேர்ந்தவை என்பது தெளிவாகத் தெரிந்தது. பின்னட்டையின் அடியில், மூலக் குழுவினரில் ஒருவரோ பலரோ மீண்டும் பாடிப் பதிவு செய்தவை என்ற குறிப்பு பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கிறது. பழைய படத்தை முன்னட்டையில் பெரிதாகப் போட்டுவிட்டு உண்மையைப் பின்னட்டையின் மூலையில் ஒதுக்குவதை நேர்மையான வணிகம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. மறுபதிவுகளை இனங்காண நம்பகமான வழிகள் உண்டா?

பதில் (இசைத்தட்டுப் பிரியை):
சர்ச்சர்ஸ் குழுவைப் பொறுத்தவரை காதே போதுமானது. 1963-இல் வெளிவந்த "ஸ்வீட்ஸ் ஃபார் மை ஸ்வீட்", "சுகர் அண்ட் ஸ்பைஸ்" ஆகிய இரண்டிலும் முதன்மைக் குரல் டோனி ஜாக்சனுடையது. அவர் 1964-இலேயே விலகிவிட்டார். அவர் இடத்துக்கு ஃபிராங்க் ஆலன் வந்தார். ஆகவே அந்தப் பாடல்களை வேறொரு குரல் பாடினால், அது பை (Pye) என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக டோனி ஹாட்ச் தயாரித்த மூலப்பதிவு அல்ல என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். "நீடில்ஸ் அண்ட் பின்ஸ்" பாடலுக்கு இதைவிட நுட்பமான அடையாளம் ஒன்று உண்டு. மூலப்பதிவில் குழுவின் டிரம்மர் கிறிஸ் கர்ட்டிஸின் பெரிய டிரம்மை இயக்கும் மிதிகட்டை, எண்ணெய் காணாத கதவுக் கீலைப் போல, தாளத்தோடு சேர்ந்து கிறீச்சிடும். ஹெட்போனில், குறிப்பாகத் தொடக்கத்தில், அதை நன்றாகக் கேட்கலாம். மறுபதிவுகளில் அந்தக் கிறீச்சொலியை எதிர்பார்க்க வேண்டாம். குழுவினரே 1972-இல் ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்காகத் தங்கள் பழைய பாடல்களைத் திரும்பப் பதிவு செய்திருக்கிறார்கள் என்பதால், "அசல் கலைஞர்கள்" என்ற வாசகத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பாடியவர்கள் அசலாக இருந்தாலும் பதிவு அசலாக இருக்கவேண்டும் என்பதில்லை.

பதில் (மாடிவீட்டு வானொலி):
அட்டையில் ஒன்றைக் காட்டி உள்ளே வேறொன்றை விற்கும் இந்த வழக்கம் அறுபதுகளிலேயே தொடங்கிவிட்டது. பீட்டில்ஸ் அமெரிக்காவில் புகழின் உச்சிக்குச் சென்ற 1964-இல், அவர்கள் 1961-இல் ஹாம்பர்க் நகரில் டோனி ஷெரிடன் என்ற பாடகருக்குப் பக்கவாத்தியம் வாசித்த பதிவுகளை எம்.ஜி.எம். நிறுவனம் ஓர் இசைத்தட்டாக வெளியிட்டது. பீட்டில்ஸ் பெயரை முன்னிறுத்திய அந்தத் தட்டின் 12 பாடல்களில் அவர்கள் வாசித்தவை நான்கு மட்டுமே. அந்த நான்கில் மூன்றை ஷெரிடன் பாடினார். நான்காவது பாட்டே இல்லாத வெறும் கருவியிசை. டிரம் வாசித்தவரும் பின்னாளில் குழுவின் டிரம்மரான ரிங்கோ அல்ல, அவருக்கு முன்பிருந்த பீட் பெஸ்ட். பீட்டில்ஸின் லெனனும் மெக்கார்ட்னியும் முன்னின்று பாடுவதைக் கேட்க ஆசைப்பட்டுக் காசு கொடுத்த பிள்ளைகளுக்கு அப்படி ஒரு பாடல்கூடக் கிடைக்கவில்லை. அதே ஆண்டில் வீ-ஜே நிறுவனம், பீட்டில்ஸும் பாடகர் ஃபிராங்க் ஐஃபீல்டும் மேடையில் பாடியவை என்று தலைப்பிட்டு இன்னொன்றை வெளியிட்டது. அதிலும் பீட்டில்ஸ் பாடல்கள் நான்குதான். மேடையில் பதிவான பாடலோ ஒன்றுகூட இல்லை.

பதில் (கார்முகில்):
முந்தைய பதில்களோடு உடன்படுகிறேன். ஆயினும் மறுபதிவு செய்த இசைஞர்களைக் குற்றவாளிகளாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அக்காலத்து ஒப்பந்தங்களின்படி மூலப்பதிவின் உரிமை பெரும்பாலும் இசைத்தட்டு நிறுவனத்திடமே இருந்தது. ஸ்மால் ஃபேசஸ் குழு 1967-இல் டெக்கா நிறுவனத்தை விட்டு இம்மீடியட் நிறுவனத்துக்குச் சென்றபோது, கைவசமிருந்த பழைய பாடல்களைத் திரட்டி "ஃப்ரம் தி பிகினிங்" என்ற தட்டை டெக்கா வெளியிட்டது; குழு புதிய நிறுவனத்துக்காக உருவாக்கிய தட்டு அதனோடு போட்டியிட நேர்ந்தது. பின்னர் 1970-இல் இம்மீடியட்டும் சரிந்தது. அப்பதிவுகள் கைமாறிக் கைமாறி எத்தனையோ மலிவுத் தொகுப்புகளில் விற்கப்பட்டபோதும், பாடியவர்களுக்குப் பல ஆண்டுகள் உரிய தொகை வந்து சேரவில்லை. இதற்கு நேர்மாறாக, டேவ் கிளார்க் தம் குழுவின் மூலப்பதிவுகளைத் தாமே வைத்திருந்தார். அதனால் 1993 வரை அவை முறையான குறுந்தகடாக வரவேயில்லை. இப்படி உரிமை கையில் இல்லாதவர்கள் தம் பாடலைத் தாமே மீண்டும் பாடி நாலு காசு பார்ப்பதில் தவறு காண முடியாது. ஆனால் பதிவான ஆண்டை முன்னட்டையிலேயே அச்சிட வேண்டியது வெளியிடுபவரின் கடமை.

பதில் (இசைத்தட்டுப் பிரியை):
கேட்டுப் பார்க்க வழியில்லாதபோது பின்னட்டையில் ஒலிப்பதிவு உரிமையைக் குறிக்கும், வட்டத்துக்குள் இருக்கும் 'பி' (P) எழுத்தையும், அதையடுத்த ஆண்டையும் பெயரையும் பாருங்கள். பிரிட்டனில் ஒலிப்பதிவுக்கான காப்புரிமை 50 ஆண்டுகளாக இருந்து, 2013 நவம்பரில் 70 ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. அதற்குள் 1962 வரை வெளிவந்தவை உரிமை நீங்கிப் பொதுவாகிவிட்டன. அறுபதுகள் என்று பெயரிட்ட மலிவுத் தொகுப்புகள் பல 1962-உடன் நின்றுவிடுவது இதனால்தான். 1963 முதல் வெளிவந்த மூலப்பதிவுகளுக்கோ உரிமையாளரின் அனுமதி வேண்டும். அவர் பெயரை வழக்கமாக அட்டையில் குறிப்பிடுவார்கள். வெவ்வேறு நிறுவனங்களைச் சேர்ந்த 1964, 1965-ஆம் ஆண்டு வெற்றிப் பாடல்கள் அடிமாட்டு விலையில் ஒரே தகட்டில் கிடைத்து, அந்நிறுவனங்களில் எதன் பெயரும் அட்டையில் காணப்படாவிட்டால், அவற்றை மறுபதிவுகள் என்றே கொள்ளுங்கள்.